மாற்று ரேடியோவாக மைக்ரோ பிட்எக்ஸ்: சில வருடப் புழக்கத்துக்குப் பின்

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) வட்டத்தில் யாராவது "ரெண்டாவதா ஒரு ரிக் (ரேடியோ செட்) வேணும், விலை கம்மியா, எது நல்லது?" என்று கேட்டால் மாடல் பெயர்கள் உடனே கொட்டும். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: உங்கள் முதல் ரேடியோ எதனால் நின்றுபோகும் என்று நினைக்கிறீர்கள்? ரேடியோவே பழுதாகலாம். அல்லது ரேடியோ நன்றாக இருக்கும், கரண்ட் இருக்காது. இரண்டுக்கும் வேண்டிய மாற்று ஒன்றல்ல. இன்னொரு 100 வாட் ரேடியோ வாங்கி வைத்தால் முதல் சிக்கல் தீரும். இரண்டாவது அப்படியே நிற்கும்.

அல்சூர் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் கம்பி கட்டி வாழும் எனக்கு இரண்டுமே நடந்தது. முதலில் 100 வாட் ரேடியோ அனுப்புவதை நிறுத்தியது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் "பார்ட் வரணும் சார்" என்பதையே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். பெங்களூர்க்காரர்களுக்குக் கோடை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு காற்று அடித்தால் எங்காவது குல்மோகர் கிளை ஒடிந்து மின்கம்பி மேல் விழும், அப்புறம் பாதி ராத்திரிவரை இருட்டுதான்.

அதனால் 2019-இல் வாங்கியது மைக்ரோ பிட்எக்ஸ், ஐந்தாம் பதிப்பு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹானின் வடிவமைப்பு. அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 இ.எஸ்.இ. 2017 கடைசியில் இது முதலில் வந்தபோது பலகையின் விலை 109 டாலர். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, குரலும் மோர்ஸும். சர்க்யூட் முழுவதும் எல்லோருக்கும் திறந்தது. பெட்டி, ஸ்பீக்கர், மைக் எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றின் தகரப் பெட்டிக்குள் அடைத்தேன். அழகாக இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மாற்று ரேடியோ என்ற கணக்கில் இதன் பெரிய பலம் மின்சாரத்தில் இருக்கிறது. 100 வாட் ரேடியோ அனுப்பும்போது 20 ஆம்பியர் பக்கம் இழுக்கும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே ஓர் ஆம்பியர் போகும். அதைவிடச் சிக்கல் வோல்டேஜ். இந்த வகை ரேடியோக்கள் பலவும் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்று கேட்பவை, அதாவது 11.7-க்குக் கீழே இறங்கக் கூடாது. சின்ன லெட் ஆசிட் பேட்டரியில் 20 ஆம்பியர் இழுத்துப் பாருங்கள், முதல் வாக்கியம் முடிவதற்குள் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். மைக்ரோ பிட்எக்ஸ் கேட்கும்போது கால் ஆம்பியருக்கும் குறைவு, 10 வாட் அனுப்பும்போது இரண்டு, இரண்டரை ஆம்பியர். யு.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.ஹெச் பேட்டரி ஒன்றிலேயே ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம். இப்போது லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டேன். எடை குறைவு, கடைசிவரை வோல்டேஜும் சரியாமல் நிற்கிறது.

"10 வாட்ல என்ன பேச முடியும்?" என்பது அடுத்த கேள்வி. 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 டெசிபெல். வரும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபெல். ஆக, எதிரில் கேட்பவருக்கு இரண்டு படிகூட இறங்குவதில்லை. பகலில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) சேலம், கோயம்புத்தூர், மதுரை எல்லாம் இங்கிருந்து சுலபம். கூரைக்கு மேல் தாழ்வாகக் கட்டிய டைபோல் (இரண்டு கைக் கம்பி ஆண்டெனா) அலையை நேர் மேலே அனுப்பும், அது அயனி மண்டலத்தில் பட்டுப் பக்கத்து ஊர்களில் இறங்கும். காலையில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடும் நெட்டில் சேலத்து நண்பர் ஒருவர் என் 100 வாட்டுக்கு 5-9 (தெளிவு 5, வலு 9) கொடுப்பார், இதற்கு 5-7. "என்ன தம்பி, இன்னைக்குச் சின்ன டப்பாவா?" என்று கேட்பார், அவ்வளவுதான். ஆனால் நெட்டில் கூட்டம் சேர்ந்து நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது அந்த இரண்டு படி உறைக்கும். எவ்வளவு கூப்பிட்டாலும் கடைசியில்தான் நம் முறை வரும்.

பேண்ட் ஏற ஏறப் பவர் குறையும் என்பது இந்த ரேடியோவின் குணம். 80, 40 மீட்டரில் 10 வாட் கொடுப்பது 10 மீட்டருக்குப் போகும்போது அதில் பாதிகூட வராது. வாங்கிய புதிதில் இது பொருட்டே இல்லை, ஏனென்றால் 2019 டிசம்பரில் சூரியச் சுழற்சி அடிமட்டத்தில் இருந்தது; சூரியன் அடங்கியிருந்தால் மேல் பேண்டுகள் தூரம் போகாது. 10 மீட்டரில் கேட்க எதுவும் இல்லை. மாலையானால் 40 மீட்டரிலும் பக்கத்து ஊர்கள் காணாமல் போய் எங்கோ தூரத்து ஊர்கள் மட்டும் கேட்கும். 2023, 2024-இல் சூரியன் உச்சத்துக்கு வந்ததும் கதையே வேறு. அதே நாலு வாட்டில் 10 மீட்டரில் ஜப்பானும் ஐரோப்பாவும் பதில் சொன்னார்கள். அதற்கு ரேடியோவைப் பாராட்டுவது நியாயமில்லை, அது சூரியன் கொடுத்தது. வாங்கி ஒரு மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகளை நான் பெரிதாக நம்பாததற்கு இதுவும் காரணம்: அந்த மாதம் பேண்ட் எப்படி இருந்ததோ அப்படித்தான் ரேடியோவும் தெரியும்.

ஆண்டெனாவில் கவனம் வேண்டும். இதில் ஆண்டெனாவைப் பொருத்திக் கொடுக்கும் டியூனர் கிடையாது, எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பிய பவர் ஆண்டெனாவில் ஏறாமல் திரும்புவதைக் காட்டும் அளவு) ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடும் கிடையாது. அதனால் மாற்று ரேடியோவுக்கென்று சரியாக வெட்டிய ஒரே கம்பியை வைத்திருக்கிறேன்: வீட்டு வயரிங்குக்கு வாங்கும் சாதாரண வயர், பக்கத்துக்கு 10 மீட்டர் நீளம், நடுவில் ஜி.ஐ. பைப், தலைகீழ் வி வடிவம். 40 மீட்டருக்கு வெட்டிய டைபோல் மூன்றாம் மடங்கில், அதாவது 21 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும் என்பதால் 15 மீட்டர் இலவசம். வீட்டு ஓனரிடம் அது துணி காயப்போடும் கம்பி இல்லை என்று புரியவைக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

இனி பழுது. மாற்று ரேடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இதைத்தான். மைக்ரோ பிட்எக்ஸின் கடைசிக் கட்டத்தில் இருப்பவை இரண்டு ஐ.ஆர்.எஃப் 510. ரேடியோவுக்கென்றே செய்யப்பட்ட டிரான்சிஸ்டர் இல்லை, ஸ்விட்சிங் வேலைக்கான சாதாரண மாஸ்ஃபெட். ஒரு மழைநாளில் மாடியில் கோஆக்ஸ் (ஆண்டெனா கேபிள்) இணைப்புக்குள் தண்ணீர் இறங்கி எஸ்.டபிள்யூ.ஆர் எகிறியதில் இரண்டும் போயின. மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போய் வாங்கி வந்தேன். ஒன்றின் விலை ஒரு மசாலா தோசையைத் தாண்டாது. இதே பழுதுக்குத்தான் பெரிய ரேடியோ மாதக்கணக்கில் மேசையைவிட்டு எங்கோ போய் உட்கார்ந்திருந்தது.

மாற்றும்போது பயஸை (பேசாதபோதும் மாஸ்ஃபெட்டில் ஓடும் சிறு மின்னோட்டத்தை) சரிசெய்ய வேண்டும். இரண்டு பிரீசெட்டையும் (பலகையில் உள்ள சின்னத் திருகுகள்) பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்து, ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு மாட்டி, சப்ளையில் ஆம்பியர் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மைக் பொத்தானை அழுத்தி, பேசாமல் இருக்க வேண்டும். முதல் பிரீசெட்டை மெதுவாகத் திருப்பி மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் கூடும்வரை வைக்கவும், அப்புறம் இரண்டாவதையும் அதேபோல். வேகமாகத் திருப்பினால் புது மாஸ்ஃபெட்டும் அங்கேயே போய்விடும். இன்னொன்று: மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு அதன் டிரெய்ன் முனையோடு சேர்ந்தது, அதில் சப்ளை வோல்டேஜ் இருக்கும். ஹீட் சிங்க் தகரப் பெட்டியில் பட்டால் ஷார்ட்தான். பேட்டரி வயரில் ஃபியூஸும், தலைகீழாக மாட்டினால் காப்பாற்ற ஒரு டையோடும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

நச்சரிக்கும் குறைகளும் உண்டு. முதலாவது, ஏ.ஜி.சி (சத்தத்தைத் தானே சமன்செய்யும் ஏற்பாடு) இல்லை. மெல்லிய சிக்னலைக் கேட்க வால்யூமை ஏற்றி வைத்திருக்கும்போது பக்கத்துத் தெரு ஹாம் பேச ஆரம்பித்தால் ஹெட்போனைப் பிடுங்கிப் போட வேண்டியிருக்கும். ஹெட்போன் ஜாக்கில் எதிரெதிராக இரண்டு சின்ன டையோடு போட்டுச் சத்தத்துக்கு வரம்பு கட்டினேன். காது தப்பித்தது, ஆனால் நல்ல ஏ.ஜி.சி கொடுக்கும் சுகம் இது இல்லை. இரண்டாவது, டயல். கூடவே வந்த சுழல் குமிழ் நாளடைவில் தேய்ந்து, முன்னால் திருப்பினால் சில நேரம் பின்னால் குதித்தது. வேறு வாங்கி மாட்டியபின் சரி. மைக் பொத்தானை விடும்போது ஸ்பீக்கரில் வரும் 'டப்' பழகிவிட்டது. ராத்திரியில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் உரக்க வரும்போது 40 மீட்டரில் இல்லாத சிக்னலெல்லாம் கேட்கும். அந்த நேரத்தில் பெரிய ரேடியோவின் அருமை தெரியும்.

எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் சின்னச் சேதி பரிமாறும் முறை) ஓடும். ஒவ்வொரு முறையும் 12 விநாடிக்கு மேல் தொடர்ந்து முழு வீச்சில் அனுப்பும் முறை என்பதால் பவரைப் பாதியாக்கி ஓட்டுகிறேன், ஹீட் சிங்கைத் தொட்டால் கை சுடும்.

கரண்ட் போகும் நேரத்தில்தான் இந்த டப்பாவுக்கு மரியாதை. சாதாரண நாளில் அல்சூரில் 40 மீட்டர் எஸ் 8, எஸ் 9 இரைச்சல்: எல்.இ.டி பல்புகள், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள், லிப்ட், எல்லாம் சேர்ந்து. ஏரியா முழுக்க இருட்டானால் அந்த இரைச்சல் அடங்கி, வழக்கமாகக் காதில் விழாத ஆட்களெல்லாம் தெளிவாகக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில், 10 வாட்டும் பேட்டரியும் வைத்திருப்பவர்தான் ராஜா. அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர்களும் இன்வர்ட்டர்களும் கிளம்பியதும் இரைச்சல் கொஞ்சம் திரும்பிவிடும். இடி இருக்கும்வரை மட்டும் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம்.

"கையில வி.ஹெச்.எஃப் வாக்கி இருக்கே, அது போதாதா?" என்பார்கள். ஊருக்குள் அது உபயோகம்தான், ஆனால் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்குக் கரண்ட் இருக்கும்வரை. நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் அடுத்த மாநிலத்தை எட்ட ஹெச்.எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) வேண்டும். 2004 சுனாமியில் போர்ட் பிளேரில் தொலைபேசி அற்றுப்போனபோது, வேறு வேலையாக அங்கே போயிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழுதான் செய்திகளை வெளியே கொண்டுவந்தது. அவர்கள் ரேடியோவைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் அது நடந்தது.

சால்டரிங் அயர்ன் பிடிக்காதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் ஷிகூ ஜி90 பார்க்கலாம்: 20 வாட், உள்ளேயே ஆண்டெனா டியூனர், அலைவரிசைத் திரை, இதைவிட எல்லா வகையிலும் நாகரிகமான ரேடியோ. பழுதானால் மட்டும் மறுபடி யாரையாவது தேடிப் போக வேண்டும். பழைய ஐகாம் ஐ.சி 718 கிடைத்தால் அது எளிமையில் அசத்தும். எண் விசைகளில் அலைவரிசையைத் தட்டினால் போதும், மெனுவில் தொலைய வேண்டாம். அது 100 வாட் பசி உள்ளது, பேட்டரி அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். எதை வாங்கினாலும் உங்கள் கையில் உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் டபிள்யூ.பி.சி (மத்திய அரசின் வயர்லெஸ் உரிமப் பிரிவு) அனுமதியை முதலில் பாருங்கள், கஸ்டம்ஸில் மாட்டினால் மலிவு விலை மலிவாக இருக்காது.

மைக்ரோ பிட்எக்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது பதிப்புகளில் தேவையற்ற ஹார்மோனிக்ஸ் (அனுப்பும் அலைவரிசையின் மடங்குகள்) வெளியே போகும் குறை இருந்தது, அது ஐந்தாவதில்தான் திருத்தப்பட்டது. பழையது என்றால் விற்பவர் ஃபில்டர் மாற்றம் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். போகும்போது ஒரு டம்மி லோடும் ஆம்பியர் மீட்டரும் எடுத்துப் போங்கள். மைக் பொத்தானை அழுத்தினால் மின்னோட்டம் கொஞ்சம் கூட வேண்டும், 'ஹலோ' என்றால் இரண்டு ஆம்பியர் பக்கம் துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் மாஸ்ஃபெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.