டியாகோ ஈவி: பெட்ரோல் காரின் இடத்தைப் பிடிக்குமா?

நகருக்குள் தினம் 50, 60 கிலோமீட்டர் ஓட்டுபவர்களைப் பொறுத்தவரை, பெட்ரோல் காரின் இடத்தை இந்த மின்சாரக் கார் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். டாடா டியாகோ ஈவியின் 24 கிலோவாட் அவர் (24 யூனிட்) பேட்டரி, ஏசி போட்டு ஓட்டினால் சுமார் 200 கி.மீ. தரும், விளம்பரத்தில் வந்த 315ஐ மறந்துவிடுங்கள். அதை முழுதாக ஏற்ற, சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து 27 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.10 ரூபாய். லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு 6 ரூபாய்க்கு மேல் ஆகும். இன்ஜின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் செலவும் இல்லை.

தொல்லை பெரும்பாலும் வீட்டு வயரிங்கில்தான். 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்க 3 கிலோவாட் இழுக்கும்போது, ஸ்க்ரூ லூசாக இருந்தால் சாக்கெட் சூடேறி உருகும். மீட்டரிலிருந்தே 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவுமீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். எர்த்திங் சரியில்லையென்றால் சார்ஜ் ஏறவே ஏறாது. பழி காரின் மேல் விழும்!

இது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. அவ்வப்போது 100 சதவீதம் வரை மெதுவாக ஏற்றினால்தான் காரின் மீட்டர் காட்டும் சார்ஜ் சதவீதம் சரியாக இருக்கும். காரில் தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கிளம்பாது.

நெடுந்தூரத்துக்கு இது தோதில்லை. வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரிலும் 10லிருந்து 80 சதவீதத்துக்கு ஒரு மணி நேரம். சென்னையிலிருந்து மதுரை போக, வழியில் குறைந்தது இரண்டு முறை நிற்கவேண்டும்.