பரதமா, செகாவா?

பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஒழிகிறது. எதில் சேர்ப்பது? மொரீசியஸில் தமிழ்ப் பெற்றோர் இதைக் கேட்கும்போதே பாதி பதிலை முடிவு செய்துவிடுகிறார்கள்: பரதம் படிப்பு, இந்தத் தீவின் நாட்டார் ஆட்டமான செகா கும்மாளம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பரதம் முதலில் தருவது கணக்கு. தட்டடவு என்ற அடிப்படைக் கால்பயிற்சியை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், தட்டும் பிள்ளை, அதே நேரத்துக்குள் ஒன்று, இரண்டு, நான்கு அடி எப்படி அடங்குகிறது என்பதைக் காலால் தெரிந்துகொள்கிறது. அப்புறம் தகிட, தகதிமி, தகதகிட. மூன்றும் நான்கும் ஐந்தும் வாயில் சொல்லாகவும் கையில் தாளமாகவும் ஓடும். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமரும் அரைமண்டியில் தொடை வலுப்படும். ஆனால் பாதம் திரும்பிய திசையிலேயே முழங்காலும் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கிற ஆசிரியர் அமைய வேண்டும். வெறும் சிமெண்ட் தரையில் மணிக்கணக்காகத் தட்டவிடுகிற வகுப்பு என்றால், வேண்டாம்.

"ஆடினால் தமிழும் வந்துவிடும்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். முதலில் கற்கும் உருப்படிகளில், அலாரிப்பில் இருப்பது தாளச் சொற்களான சொற்கட்டு, ஜதிஸ்வரத்தில் ஸ்வரம். பாட்டுக்கு வந்து சேரவே நாளாகும். வந்தாலும் அது தெலுங்காக இருக்கலாம். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டு எப்போது வரும் என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

செகா அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடையே பிறந்த ஆட்டம். 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. பாதம் தரையைத் தேய்த்தபடியே நகரும், இடுப்பும் கையும் பேசும். ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தொடுவதில்லை. எதிரே இருப்பவரின் அசைவைப் பார்த்து அந்தக் கணத்தில் பதில் அசைவு தர வேண்டும். பரதத்தில் இந்தத் துணிச்சல் வர வருடங்கள் ஆகும். பாட்டும் கிரியோலில், முதல் நாளே புரியும்.

செலவில் ஒப்பீடே இல்லை. ஒரு பக்கம் சலங்கை, பட்டு உடுப்பு, பின்னால் அரங்கேற்றம். மறு பக்கம் ஒரு அகலப் பாவாடை. மேலே படிக்கப் பரதத்துக்கு மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது.

கூச்சப்படும் பிள்ளை என்றால் முதலில் செகாவில் விடுவேன். எண்ணிப் பார்ப்பதில் ருசி உள்ள பிள்ளைக்குப் பரதம். பரதம் பழகிய பிள்ளையை ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போய், நெருப்பில் காட்டி விறைப்பேற்றிய, செகாவுக்கு வாசிக்கும் ரவான் பறையைக் கேட்க வையுங்கள். அதில் ஓடுவது தகிட, தகிட என்று பிள்ளையே சொல்லும்.