கோழிப்பேனையும் கும்பிடுபூச்சியையும் காட்டிய கைலென்ஸ்

பத்து மடங்கும் இருபது மடங்கும் பெரிதாக்கும் இரண்டு லென்ஸ்கள் ஒரே கூட்டுக்குள் மடங்கும் கைலென்ஸ் ஒன்றைச் சேலத்தில் 480 ரூபாய்க்கு வாங்கி, மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். வீட்டு நாட்டுக்கோழியின் பேனையும், ஏற்காட்டில் சித்தப்பாவின் காபித் தோட்டத்து மிளகுக் கொடியில் இருந்த கும்பிடுபூச்சியையும் பார்த்ததைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

பேனைப் பார்க்க இருபது மடங்கு கட்டாயம் வேண்டும். அதன் நீளமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இறகை விலக்கி வெளிச்சம் பட்டதுமே ஓடி ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒன்றை இறகோடு எடுத்து, செல்லோடேப்பில் மல்லாக்க ஒட்டிப் பார்த்தேன். சிறகில்லாத, வைக்கோல் நிற உடல். அது சப்பையாக இருப்பதால்தான் கோழி அலகால் கோதும்போதும் இறகுகளுக்கிடையே நசுங்காமல் தப்புகிறது. தலைக்கு அடியில் பழுப்பாக இரண்டு தாடைகள் தெரிந்தன. நம் தலைப்பேனைப் போல உறிஞ்சும் குழல் இதற்கு இல்லை. இறகையும் தோல் செதிலையும் கொறித்தே வாழ்கிறது, சில இனங்கள் இளம் இறகின் தண்டைக் கடித்து, கசியும் இரத்தத்தையும் குடிக்கும். இறகின் அடியில் கொத்தாக ஒட்டியிருந்த ஈர்களும் துல்லியமாகத் தெரிந்தன.

கும்பிடுபூச்சிக்கு அதே இருபது மடங்கு உதவவில்லை. உருவம் தெளிய ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருந்ததால், அது முன்காலை வீசி லென்ஸையே அடித்துவிட்டது. பத்து மடங்கில் அதைவிட இருமடங்கு தள்ளி நிற்க முடிந்தது; முன்காலின் முள்வரிசைகள் பாக்குவெட்டி போல மடிந்து பொருந்துவதைப் பொறுமையாகப் பார்த்தேன். அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி நாம் நகரும் பக்கமெல்லாம் கூடவே நகர்ந்தது. அது உண்மையான கண்மணி அன்று. அந்தக் கண் பல சிறுகண்கள் சேர்ந்தது; அவற்றில் நம்மை நேராக நோக்குபவை ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்குவதால் அவ்விடம் கறுப்பாகத் தோன்றுகிறது.

இரண்டுக்குமே கடிக்கும் தாடை உண்டு, கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. ஆனால் கோழியை விட்டு விலகினால் சில நாளில் செத்துப்போகும் பேனுக்குக் கால் நகங்கள் இறகைப் பற்றிக்கொள்ள மட்டுமே பயன்படுகின்றன. கும்பிடுபூச்சி பற்றுவதோ கொன்று தின்பதற்காக. இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டியதற்கே கொடுத்த காசு தகும்.

குறை ஒன்று உண்டு. கூட்டின் திருகு ஒரே மாதத்தில் தளர்ந்துவிட்டது; கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். வாங்குபவர்கள் இரண்டு லென்ஸ்களையும் பலமுறை மடக்கித் திறந்து, திருகு ஆடாததை உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள்.