பழம் பழுதாகிட்டா இல்லையா: கண்ணு, கை, மூக்கு, மூண்டுல எத நம்புற?

கச்சான் காத்து அடிக்கிற காலத்துல மட்டக்களப்புப் பக்கம் காலையில வாங்கின பழம் பின்னேரத்துக்குள்ளயே நிறமும் மணமும் மாறிடும். அதால ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு முறை, சிலபேர் தோலப் பாப்பாங்க, சிலபேர் அமத்திப் பாப்பாங்க, சிலபேர் மணந்து பாப்பாங்க. என்னக் கேட்டா புளிச்சத கண்டுபிடிக்க மூக்குத்தான் முதல், ஆனா அதுவும் ஏமாறுற இடம் இருக்கு.

கண்ணால நல்ல பழமும் வீணாகுது. கோழிக்கூட்டு வாழப்பழத்துல மண்ணிறப் புள்ளி விழுந்தா அது பழுது இல்ல, மாச்சத்து சீனியா மாறி நல்லாப் பழுத்திருக்கு எண்டு அர்த்தம், பிரிட்ஜ்ல வெச்சு தோல் கறுத்தாலும் அப்பிடித்தான், 13 பாகைக்குக் கீழ குளிர் பட்டா வாழப்பழத் தோல் கறுக்கும், உள்ள சதை நல்லா இருக்கும். ஆனா பூஞ்சணத்துக்கு கண்ணத்தான் நம்பணும். பப்பாசி, மாம்பழம் மாதிரி மெத்துப் பழத்துல பூஞ்சணம் தெரிஞ்சா அந்த இடத்த மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்த சாப்பிடுறது வேணாம், கண்ணுக்குத் தெரியாத நூல் அதுக்குள்ள தூரத்துக்கு ஓடியிருக்கும். அழுகின அப்பிள்ல பட்டுலின் எண்ட நஞ்சு வரலாம், கொதிக்க வெச்சாலும் அது முழுசாப் போகாது.

கை பாதி வேலைதான் செய்யும். முழுப் பழமும் ஒரே அளவா மெத்தெண்டு இருந்தா பழுத்திருக்கு, ஒரு இடத்துல மட்டும் விரல் புதைஞ்சு தண்ணி கசிஞ்சா அந்த இடம் அழுகுது. வத்தகப்பழத்துலயும் விளாம்பழத்துலயும் கை ஒண்டும் சொல்லாது. விளாம்பழத்த நிலத்துல போட்டுப் பாக்கிறது காயா பழமா எண்டு அறியத்தான், காய் துள்ளும், பழம் துள்ளாது. உள்ள கெட்டுட்டா எண்டு அதால தெரியாது, ஓட்ட உடைச்சு மணந்துதான் பாக்கணும்.

இப்ப மூக்கு. பழத்தோல்ல இயற்கையாவே ஈஸ்ட் இருக்கு, தோல் வெடிச்சா உள்ள இருக்கிற சீனிய அது அல்ககோலாவும் கரியமில வாயுவாவும் மாத்தும், மறுகா பக்டீரியா வந்து அந்த அல்ககோல வினிகராக்கும். அதால முதல்ல கள்ளு மணம், பிறகு புளிச்ச மணம், சிலநேரம் கியூட்டெக்ஸ் மாதிரி ஒரு காரமான மணம். அன்னாசிய அடிப்பக்கம்தான் மணக்கணும், இனிப்பா மணந்தா எடுக்கலாம், கள்ளடிச்சா அங்கேயே வெச்சிட்டு வாங்க. கஜுப்பழத்துக்கு ஒரு நாள் கூட வேணாம், விழுந்து கிடந்தா அதே நாள்ல புளிச்சிடும். பிரிட்ஜுக்குள்ள இருந்து எடுத்த கையோட மணந்தா ஏமாறுவீங்க, குளிர்ல மணம் அடங்கியிருக்கும், கொஞ்ச நேரம் வெளிய வெச்சிட்டு மணந்து பாருங்க.

மூக்குக்குப் பிடிபடமுந்தியே பழத்தச் சுத்தி பொடி ஈ வந்திடும், புளிப்பு மணத்துக்குத்தான் அது வாறது. கொய்யாவுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடுறது வேற ஈ, அது மரத்துலயே முட்டை போட்டுட்டுப் போயிடும், அத வெட்டிப் பாத்தாத்தான் புழு தெரியும்.

நாக்க கடைசியா வெச்சிருக்கன். அன்னாசி சாப்பிட்டு நாக்கு எரியிறது அதுல இருக்கிற புரோமெலைன் நொதியால, பழுது இல்ல. சோடா மாதிரி சுர்ரெண்டு நுரைச்சா துப்பிடுங்க. பிள்ளையளுக்குக் குடுத்து ருசி பாக்க வைக்காதீங்க.

ஆனா மூக்கு சுத்தமா தோக்கிற இடம் வெட்டின பழம். சல்மொனெல்லா மாதிரிக் கிருமிக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல, புளிக்கவும் புளிக்காது. வெட்டின பழம் வெளிய இருக்கலாமெண்டு அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அறிவுரை சொல்றது ரெண்டு மணித்தியாலம், 32 பாகைக்கு மேல வெக்கை எண்டா ஒரே ஒரு மணித்தியாலம், எங்கட பகல் அதுக்கு மேலதான் நிறைய நாள். அதால ரோட்டோரத்துல உப்பும் தூளும் போட்டு அன்னாசி வாங்கக்குள்ள மணந்து பாக்கிறத விட, "அண்ணன், இத எப்ப வெட்டின?" எண்டு கேளுங்க, முடிஞ்சா கண்ணுக்கு முன்னால புதுசா ஒண்ட வெட்டித் தரச் சொல்லுங்க.