கார்பன் ஹாக்கி மட்டை: 30-ஆ, 60-ஆ, 90-ஆ?

கடையில் மட்டையை எடுத்ததும் பலருக்கும் கண் போவது தண்டில் அச்சிட்ட கார்பன் சதவீதத்துக்குத்தான். விலையும் அதை ஒட்டியே ஏறுகிறது. ஆனால் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: தண்டில் சுற்றிய இழைகளில் கார்பனின் பங்கு எவ்வளவு என்று. மீதி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், கொஞ்சம் அராமிட் (கெவ்லர் ரகத்து இழை). இழைகள் எந்தக் கோணத்தில் படிந்திருக்கின்றன, இழைகளை ஒட்டிப் பிடிக்கும் எபாக்ஸி பிசின் சீராகப் பரவியிருக்கிறதா, உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டதா என்பதையெல்லாம் அது சொல்லாது. 70 என்று போட்ட இரண்டு கம்பெனி மட்டைகள் கையில் வேறு வேறு மாதிரி பேசும்.

இருந்தாலும் மூன்று ரகமாகப் பிரித்துப் பார்க்கலாம். 20 முதல் 40 வரை கார்பன் உள்ளவை கொஞ்சம் வளைந்துகொடுக்கும். பந்தை ட்ராப் செய்யும்போது, அதாவது வரும் பந்தை மட்டையில் நிறுத்தும்போது, துள்ளி ஓடாது, கைக்கு அதிர்வும் குறைவு. ஹிட்டில் வேகம் சற்றுக் குறையும். பள்ளி, கல்லூரி அணிக்கு இது போதும். போதும் என்ன, இதுதான் சரி. 90-க்கு மேல் போனால் தண்டு விறைப்பாக இருக்கும். முழு வீச்சில் அடித்தால் பந்து பறக்கும், ஆனால் முதல் தொடுதலில் கை இறுகியிருந்தால் பந்து இரண்டடி தள்ளிப் போய்விடும். விளிம்பில் பலமாக அடி விழுந்தால் ஃபைபர் கிளாஸ் மாதிரி நசுங்கிச் சமாளிக்காது, விரிசல் விடும். பையில் இன்னொரு மட்டை வைத்திருப்பவர்களுக்கான ரகம் அது. கிளப் ஆட்டக்காரருக்கு எங்கள் தேர்வு 50–70. ஹிட்டுக்கு வேண்டிய விறைப்பும் இருக்கும், ட்ராப்பும் கெடாது.

கார்பனைவிட ஆட்டத்தை அதிகம் மாற்றுவது தண்டின் வளைவு. பந்தை அடிக்கும் கொக்கி போன்ற தலையைச் சொல்லவில்லை, தண்டே நெடுக வில் போல லேசாக வளைந்திருப்பதைத்தான். சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் விதிப்படி அந்த வளைவின் ஆழம் 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வளைவின் உச்சம் தலையின் அடியிலிருந்து 200 மி.மீ.க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. அந்த 200-ஐ ஒட்டி உச்சம் வைத்திருப்பவை லோ-போ மட்டைகள். டிராக் ஃபிளிக்கில் (பந்தை மட்டையோடு இழுத்துவந்து வீசுவது) பந்து தண்டோடு ஒட்டி நீண்ட நேரம் உருளும், தூக்கி விடுவதும் எளிது. அதே காரணத்தால்தான் தரையோடு போக வேண்டிய ஹிட்டும் எழும்புகிறது: கைகள் பழகிய நிலையில் இருக்க, தலையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. தடுப்பாட்டக்காரர் லோ-போ வாங்கி, நீண்ட பாஸ் எல்லாம் எதிராளியின் முழங்காலுக்குப் போகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வளைவைத்தான். உச்சம் 250–300 மி.மீ. இருக்கும் மட்டைகளில் ஹிட், புஷ், ட்ராப் மூன்றும் இயல்பாக வரும். கிரேஸ் கம்பெனியில் ஜம்போ என்பது லோ-போ, அல்ட்ராபோ மென்மையான வளைவு. மற்றவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதால் பெயரை விட்டு மி.மீ. கணக்கைக் கேளுங்கள்.

கணக்கு சொல்லத் தெரியாத கடையென்றால் நீங்களே பார்க்கலாம். தட்டையான முகம் கீழே இருக்கும்படி மட்டையைக் கண்ணாடி மேசையில் வையுங்கள். தண்டுக்கும் மேசைக்கும் இடையே இடைவெளி எங்கே அதிகம் என்று ஸ்கேலால் அளங்கள். அந்த இடம் தலையிலிருந்து எத்தனை செ.மீ. என்பதையும் பாருங்கள். பிறகு பிடிப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் தண்டு நெடுக நோக்கினால் பக்கவாட்டு முறுக்கு தெரியும். முறுக்கியிருந்தால் வேண்டாம். அடுத்து தண்டை நாணயத்தால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமானால் அடுக்கு பிரிந்திருக்க வாய்ப்புண்டு.

நீளம் பெரியவர்களுக்கு 36.5 அங்குலம். நல்ல உயரம் என்றால் 37.5. நீளம் கூடினால் வீச்சு கூடும், நெருக்கத்தில் டிரிபிள் செய்வது, அதாவது பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோவது, சிரமமாகும். எடைக்கு விதி வைத்திருக்கும் உச்சவரம்பு 737 கிராம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 520–550. எடை ஒன்றாகவே இருந்தாலும் தலைக்கனம் உள்ளது ஹிட்டுக்கு உதவும், டிரிபிளுக்கு மணிக்கட்டை வாட்டும். இரண்டு மட்டைகளை விரலில் சமநிலைப்படுத்திப் பார்த்தால் வித்தியாசம் உடனே பிடிபடும். கோல்கீப்பர் மட்டை தனிக் கதை, இங்கே வேண்டாம்.

உடைவது எங்கே? தலையும் தண்டும் சேரும் இடத்துக்குச் சற்று மேலேதான் பெரும்பாலும். மட்டையோடு மட்டை மோதும் அடி அங்கேதான் விழுகிறது. ரிவர்ஸ் ஹிட் (மட்டையைத் திருப்பி விளிம்பால் அடிப்பது) அடிப்பவர்களுக்கு விளிம்பு தனியாகத் தேயும். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நகத்தால் வருடும்போது நகம் மாட்டினாலோ, அழுத்தினால் கிறீச்சிட்டாலோ விரிசல் இழைக்குப் போய்விட்டது. விளிம்பில் பாதுகாப்பு டேப் ஒட்டலாம். ஆனால் டேப்போடு சேர்த்து மட்டை 51 மி.மீ. உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. உத்தரவாத அட்டையையும் படித்துவிட்டு வாங்குங்கள். விளிம்புச் சேதமும் தேய்மானமும் பல அட்டைகளில் சேராது.

மைதானத்தையும் கணக்கில் எடுங்கள். தண்ணீர் தெளித்த டர்ஃபில் (செயற்கைப் புல்தரை) கார்பன் மட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும். கோவில்பட்டி மாதிரி ஹாக்கி ஊறிய ஊர்களிலும் பயிற்சியில் பாதி மண் தரையில்தான் நடக்கிறது. சரளையில் தலையின் அடிப்பகுதி அரைபட்டு இழை வெளியே வந்துவிடும், ஈரமும் உள்ளே இறங்கும். மண் தரைப் பயிற்சிக்கு மல்பெரி மர மட்டையோ பழைய ஃபைபர் கிளாஸ் மட்டையோ வைத்துக்கொண்டு, நல்லதை டர்ஃபுக்கு எடுங்கள். ஆடி முடித்ததும் துடைத்துக் காயவையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் முதலில் கிரிப்பின் பசை இளகும், நாளடைவில் பிசினின் பிடிப்பும் தளரும்.