ரங்கூன் தெருமுனையில் ஒரு பெயிண்ட் கடை

அனோரத்தா சாலைக் காளி கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் இந்தக் கடைக்கு நான் முதலில் போனது தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. முன்னறைக்கு வெளிர்மஞ்சள் எமல்ஷன் வாங்கிக்கொண்டு அன்று மாலையே பெயிண்டரை வரச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். கடைக்காரரோ நிற அட்டையை எடுக்கவே இல்லை. எத்தனையாவது மாடி, சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று விசாரித்துவிட்டு, கைப்பேசியில் நான் காட்டிய சுவரின் படத்தைப் பார்த்ததும், "தம்பி, இந்தச் சுவர் குடித்த தண்ணீரை இன்னும் கக்கவில்லை. பொங்கலுக்கு அடித்துக்கொள்ளுங்கள்" என்றார். கைக்கு வந்த வியாபாரத்தைத் தானே தள்ளிப்போட்ட கடைக்காரரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நனையும் நம் ஊர்ச் சுவர்களில் ஓதம் இறங்கியிருக்கும்போது மேலே பெயிண்டைப் பூசி மூடினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். காரையிலுள்ள உப்பும் அதோடு வந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். இதைச் சோதிக்க அவர் சொன்ன வழியில் செலவே இல்லை. ஒரு முழச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் என் தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. மார்கழி நடுவில் ஒட்டியபோது உலர்ந்தே இருந்தது.

இரண்டாம் முறை போனபோது முதலில் என் கையில் கொடுத்தது பெயிண்ட் அல்ல, பிளீச்சிங் திரவமும் உப்புத்தாளும்தான். கறுத்த பூசணத்தின் மேல் அப்படியே அடித்தால் அது மீண்டும் தலைகாட்டும் என்பதால், ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகே சுவரைச் சமன்செய்யும் பட்டியும், பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமரும் என்று வரிசை சொன்னார். பிளீச்சோடு வேறு எந்தச் சோப்புத் திரவத்தையும் கலக்கக் கூடாது என்று இருமுறை எச்சரித்தார். எங்கள் வீட்டுப் பழைய மரக்கதவின் எனாமலில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்கக்கூடும், உலர்ந்தபடி தேய்த்துத் தூளைக் கிளப்ப வேண்டாம், நனைத்துத் தேய்க்கவும் என்றதை, குழந்தைகள் உள்ள வீட்டார் அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்.

அளவு விஷயத்திலும் அவர் நேர்மையானவர். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி, கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 400. இரண்டு முறை அடிக்க 800 சதுர அடி. லிட்டருக்கு நூறு சதுர அடி வீதம் எட்டு லிட்டர் போதும் என்று தாளில் எழுதிக் காட்டினார். பெயிண்டர் கேட்டிருந்ததோ பதினெட்டு லிட்டர் வாளி!

குறையும் உண்டு. நிறம் கலக்கும் இயந்திரம் இரண்டாவது டப்பாவுக்குச் சாயம் விட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் மீதியைச் சேர்த்துக் குலுக்கிக் கொடுத்தார்கள். மூடியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சுவரில் காய்ந்த பிறகுதான் இரண்டாவது டப்பாவின் நிறம் ஒரு சாயல் வெளுத்திருப்பது தெரிந்தது. இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடித்திருந்தால் தப்பியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. புகார் சொன்னதும் மறுபேச்சின்றி வேறு டப்பா கலந்து கொடுத்தார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும்.

மாடிக்குக் கொண்டுவந்து தரும் வழக்கம் இவர்களிடம் இல்லை. செய்தித்தாளையும் கீரையையும் பால்கனிக் கயிற்றில் மேலே இழுத்துப் பழகிய நாம் பெயிண்ட் டப்பாவை அப்படி இழுக்க முடியாது; நான்கு மாடியும் நானே சுமந்தேன். வெளுத்த மஞ்சள் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.