எச்சரிக்கை மெயில் வராததால் நிம்மதியாக இருக்கிறீர்களா? ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

மேல்விஷாரம் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. நேரடி வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இரண்டே பேர்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எங்களைப் போலச் சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

போன வருடம் வேலூரில் ஒரு சர்வீஸ்காரரிடம் ஆண்டு ஒப்பந்தம் போட்டோம். பில்லில் ‘பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பு’ என்று தனி வரி, 18,000 ரூபாய். யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டால் உடனே உங்களுக்கு மெயில் வந்துவிடும் என்றார். வந்தது. முதல் இரண்டு நாளில் 600-க்கு மேல் வந்தது! பயந்துபோய் அவருக்கு போன் செய்தேன். “நான் பாத்துக்கறேன் சார்” என்றார். மறுநாளிலிருந்து மெயில் நின்றுவிட்டது. அவர் சரிசெய்துவிட்டார் என்றே எட்டு மாதம் நம்பினேன்.

நவம்பரில் ஒருநாள் வாடிக்கையாளரின் கணக்காளர் போன் செய்தார். இரண்டாவது தடவையாக ஏன் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் ஒரு தடவைகூட மாற்றச் சொன்னதில்லை. எங்கள் கணக்குப் பிரிவின் மெயில் முகவரியிலிருந்தே போயிருக்கிறது. அதற்குள் 4,200 யூரோ வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுடைய வங்கி திருப்பிக் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. பாதி நஷ்டத்தை நாங்கள் ஏற்றோம். 11 வருடப் பழக்கம் என்பதால் அவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் வந்து சர்வரைத் திறந்து பார்த்தான். “மாமா, அலெர்ட் எதுவும் நிக்கல. எல்லாமே நம்ம சர்வருக்குள்ள ஒரு ஃபோல்டருக்குப் போயிட்டிருக்கு” என்றான். சர்வீஸ்காரர் செய்த ‘சரிசெய்தல்’ அவ்வளவுதான். என் கண்ணில் படாமல் ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறார். அந்த ஃபோல்டரில் பல ஆயிரம் மெயில்கள் படிக்கப்படாமல் கிடந்தன.

அதைவிட மோசமானது, அந்த அமைப்பே தப்பான இடத்தைக் காவல் காத்தது. இணையத்தில் திறந்திருக்கும் எந்த மெயில் சர்வரையும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் லாகில் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’, அதாவது நுழைய முடியவில்லை என்ற வரி நாள் முழுக்க வரும். ஒவ்வொன்றுக்கும் மெயில் அனுப்பினால் யாரால் படிக்க முடியும்? எங்களிடம் நுழைந்தவன் சரியான பாஸ்வேர்டோடு நுழைந்தான். மெயிலைப் படிக்க உள்ளே விடும் மென்பொருளான டவ்காட்டின் லாகில் அது வெறும் ‘லாகின்’ (நுழைவு) என்று பதிவாகியிருந்தது, வெளிநாட்டு ஐபி முகவரியோடு, அதாவது இணைய முகவரி எண்ணோடு. அதற்கு எச்சரிக்கையே வைக்கவில்லை. உள்ளே வந்தவன் அந்த வாடிக்கையாளரின் மெயில்களையெல்லாம் தனி ஃபோல்டருக்குத் தள்ளும்படி ஒரு விதி எழுதி வைத்திருந்தான். அதனால்தான் அவர்கள் கேட்ட சந்தேகங்கள் எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

எப்போது நுழைந்தான், பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. லாக் வாரம் ஒருமுறை சுழன்று, நான்கு வாரத்துக்கு முந்தையது அழிந்துவிடும்படி இருந்தது. அதைச் சர்வீஸ்காரர் மாற்றவே இல்லை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவில் 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்தபோது விசாரணைக்கு அந்த லாகைத்தான் கேட்டார்கள். கையில் இருந்தது 26 நாள் லாக் மட்டும்.

இதையெல்லாம் சொன்னதும் சர்வீஸ்காரர், “லாக் இருந்துச்சு சார், நீங்கதான் பாக்கல” என்றார். பார்ப்பதற்குத்தானே பணம் கொடுத்தோம். எனக்கு வந்த கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

இப்போது அக்கா மகன் மாற்றி வைத்திருப்பதைச் சொல்கிறேன். தப்பான முயற்சிகளை ஃபெயில்டூபேன் என்ற மென்பொருள் தானே தடுக்கிறது. பத்து நிமிடத்தில் ஐந்து தடவை தவறினால் அந்த ஐபி அடைபடும், எனக்கு மெயில் வராது. புதிய நாட்டிலிருந்து சரியான பாஸ்வேர்டோடு யாராவது நுழைந்தால், மெயிலைத் திருப்பிவிடும் விதி புதிதாக முளைத்தால், ஒரே கணக்கிலிருந்து திடீரென நிறைய மெயில் வெளியேறினால் மட்டும் எச்சரிக்கை வரும். அதுவும் வெளியே உள்ள வேறொரு மெயில் கணக்குக்கு. சொந்த சர்வருக்கே அனுப்பினால், நுழைந்தவன் அதையும் அழித்துவிடுவான். லாக் பதிவுகளின் நகல் அந்தந்த நேரமே இன்னொரு கம்ப்யூட்டருக்கும் போகிறது. அப்புறம் தினமும் காலை எட்டு மணிக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சர்வரே ஒரு மெயில் அனுப்பும். அது வராத நாளில் முதல் வேலையாக அக்கா மகனுக்கு போன் செய்கிறேன்.

அந்தச் சர்வீஸ்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இந்தப் பக்கத்தில் இன்னும் சில யூனிட்டுகளுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். உங்கள் பில்லிலும் இப்படி ஒரு வரி இருந்தால், வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினர் ஒருவரை உங்கள் மெயிலில் சரியான பாஸ்வேர்டோடு நுழையச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வரவில்லையென்றால் அமைத்தவரை அன்றே கூப்பிடுங்கள். சோதனை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். சர்வரின் ரூட் பாஸ்வேர்டு (சர்வரில் எதையும் மாற்ற அனுமதிக்கும் தலைமைப் பாஸ்வேர்டு) உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களிடம் அப்போது இல்லை. அதை வாங்குவதற்கே ஒன்பது நாள் அவர் பின்னால் அலைந்தேன்.